வாட்ச் 21.4 கி.மீ. காட்டினால் பாதை கூடுதல் நீளம் என்று அர்த்தமில்லை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: அரை மாரத்தான் முடிவில் கையில் கட்டிய ஜிபிஎஸ் வாட்ச் 21.4 கி.மீ. காட்டினால் நடத்துபவர்கள் தப்பாக அளந்துவிட்டார்களாம், வாட்ச் காட்டும் வேகத்தை மட்டும் நம்பி ஓடினால் போதுமாம். இது தவறு.

அரை மாரத்தான் 21.0975 கி.மீ. முறைப்படி அளக்கும்போது, அளவுக் கருவி பொருத்திய சைக்கிளில் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியாகப் போய் அளந்து, தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவே சேர்க்கிறார்கள். உலகத் தடகள அமைப்பின் விதிகளில் இதைப் பார்க்கலாம். நாமோ கூட்டத்தில் விலகி விலகி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுகிறோம். ஜிபிஎஸ் வேறு மரங்களுக்கு அடியில் தடுமாறும், தஞ்சாவூர் புதாற்றங்கரையில் (கல்லணைக் கால்வாய்க் கரை) ஓடிப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இரண்டு மணி நேர இலக்கு என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. வாட்ச் கணக்கில் அதையே பிடித்து 21.4 ஓடினால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாமதம், மாதக்கணக்கில் உழைத்தவருக்கு அது எவ்வளவு வலிக்கும்! வாட்ச் தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாகப் பிரித்துக் காட்டும் நேரத்தை, அதாவது தானாக விழும் லேப்பை, அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள்.

அப்புறம், அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.