ஜன்னலைத் திறந்து மூடுகிறவளைக் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததைச் சின்ன மாமனார் குடும்ப குரூப்பில் போட்டு, அங்கிருந்து பாதி ஊருக்குப் போய்விட்டது. அதனால் முழுக்கதையும் மறுபடி சொல்லவில்லை. சுருக்கமாக: எங்கள் பழைய மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் வைத்த ஸ்லைடிங் ஜன்னல் போட ஒருவர் அளவெடுக்க வந்தார். "நல்ல ஜன்னல் போட்டுத் தர்றேன்னு வந்த பையனை மருமக திருப்பி அனுப்பிச்சுட்டா" என்று பேச்சு. நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சில கேள்விகள் கேட்டேன், முக்கியமான ஒன்றுக்குப் பதில் வரவில்லை, அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த முக்கியமான கேள்வி இவ்வளவுதான்: நீங்கள் போடச் சொல்கிற ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு திறக்கும்?

பாதி திறக்கும். இரண்டு கண்ணாடி இரண்டு தடத்தில் ஓடினால் ஒன்று எப்போதும் பாதி வழியை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். எங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. ஜன்னல் நாலுக்கு நாலு, 16 சதுர அடி. இப்போது இருக்கிற மரக்கதவு நாலையும் திறந்தால் அநேகமாக முழுசும் காற்றுக்கு வழி. ஸ்லைடிங் போட்டால் 8. வறண்ட வெப்பப் பகுதியில் ஓர் அறைக்கு வாசற்கதவு நீங்கலாகத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிக்காற்றுக்குத் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எங்கள் அறைக்கு 12 சதுர அடி. 8 எப்படிப் பத்தும்? இதைக் கேட்டால் நான் சண்டைக்காரியா?

ஜன்னல் திறப்பதற்கு. வெளிச்சம் மட்டும் போதுமென்றால் சுவரில் கண்ணாடியைப் பதித்துவிட்டுப் போய்விடலாமே.

நாம் இருக்கிற இடத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றுக்காகத்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். மேற்கு ஜன்னலுக்கு ஒரு பிரச்சினை, கிழக்கு ஜன்னலுக்கு வேறு பிரச்சினை. வந்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரே மாடல், சதுர அடிக்கு ஒரே ரேட் என்று எழுதிக் கொடுத்தார். எது எந்தத் திசை என்று கேட்கக்கூட இல்லை.

எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, வீடு தாராபுரம் பக்கம். அங்கே ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு கதவு. ஆடி மாதம் புழுதியோடு காற்று அடிக்கும்போது அம்மிச்சி கீழ்க்கதவு இரண்டையும் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு மேலே மட்டும் திறந்து வைப்பார். கீழே பாயில் படுத்திருக்கிற எங்கள் முகத்தில் மண் விழாது, அறையும் புழுங்காது. "கீழ சாத்துனாத் தூங்கலாம், மேல தொறந்தா மூச்சு உடலாம் கண்ணு" என்பார். எந்த ஷோரூமிலும் எனக்கு இப்படி ஒருவர் விளக்கிச் சொன்னதில்லை.

சரி, "உனக்கு யுபிவிசியே ஆகாது" என்கிறவர்களுக்கு. தப்பு. யுபிவிசிக்குக் கரையான் வராது, மழைக்கு ஊதாது, பெயிண்ட் வேண்டாம், அலுமினியம் மாதிரி வெயிலில் சூடேறி உள்ளே கடத்தாது. எல்லாம் எனக்கும் தெரியும். நான் சொல்வது திறக்கிற விதத்தைப் பற்றி. கீலில் கதவு மாதிரி வெளியே திறக்கிற கேஸ்மெண்ட் போட்டால் முழுசாகத் திறக்கும், மூடியபின் காற்று அடிக்க அடிக்கக் கதவு ரப்பரோடு இன்னும் இறுகும். ஸ்லைடிங்கில் அந்த இறுக்கம் கிடைக்காது. கீழ்த் தடத்தில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். சரவணம்பட்டியில் என் சிநேகிதி ஃபிளாட்டில் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தேன். செம்மண்ணும் தலைமுடியும் பஞ்சும் சேர்ந்து அடைத்து, ஒரு ஊக்கை விட்டுக் குத்தினால்கூட இறங்கவில்லை. ஐப்பசி மழையில் தடம் நிரம்பி வழிந்து மெத்தை நனைந்ததுதான் மிச்சம்.

"கொசு வருமே" என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். மர ஜன்னலுக்கும் வலை போடலாம் அண்ணா.

"விசைத்தறி சத்தத்துக்கு என்ன பண்றது" என்று கேட்ட சோமனூர் அக்காவுக்கு நியாயமான பதில் சொல்லியாக வேண்டும். தறிக்கூடம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் நடுவே இடைவெளி விட்டு இரண்டு அடுக்காக வருகிற டபுள் கண்ணாடி போடுங்கள், நல்ல ரப்பரோடு போடுங்கள், காசு வீணாகாது. ஆனால் சத்தமே வராத பக்கத்துக்கும் அதையே தலையில் கட்டுகிறார்கள், அதுதான் என் கோபம். டபுள் கண்ணாடி குளிர்நாட்டில் உள்சூடு வெளியே போகாமல் இருக்கப் போடுவது. இங்கே ஏசி அறைக்கு உதவும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டால் அது இருந்தென்ன, இல்லாமல் என்ன? மேற்கு வெயிலை வெளியே சன்ஷேடு போட்டோ பந்தல் போட்டோ கண்ணாடிக்கு முன்னாலேயே மறிக்க வேண்டும்.

அப்புறம் கொட்டேஷன். எங்கள் ஜன்னல் கம்பிகள் மரச்சட்டத்துக்குள்ளேயே கோத்தவை. சட்டத்தைப் பெயர்த்தால் கம்பியும் போகும், பூச்சும் உதிரும். புதுக் கம்பி, பூச்சு வேலை, பெயிண்ட் எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. புரொஃபைலுக்குள், அதாவது யுபிவிசிச் சட்டத்தின் குழலுக்குள், பலத்துக்கு வைக்கிற இரும்பு எத்தனை மில்லி கனம் என்றேன். "கம்பெனி ஸ்டாண்டர்டுங்க" என்றார். கம்பெனி பேர் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், சொல்ல மாட்டேன்.

எனக்கு உறைத்தது அதுகூட இல்லை. நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னபோதெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னபிறகும் அப்படியே. சின்ன மாமனார் ஒரு படி மேலே போய், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, கலர் மட்டும் சொல்லு அம்மிணி" என்றார். மாமா, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, அதனால்தான் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். விடிகாலையில் அந்தச் சமையலறை ஜன்னலைத் திறப்பது நான். மிளகாய் தாளிக்கிற நெடி போகாமல் இருமுவது நான். மழை வந்தால் மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஒவ்வொன்றாகச் சாத்துவது நான். தடத்தில் சேருகிற மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டப்போவதும் நான்தான். கலர் மட்டும் நான் சொல்ல வேண்டுமா?

"பழசையே புடிச்சுத் தொங்கறா" என்று எழுதியவர்களுக்கு. நான் ஒவ்வொரு ஜன்னலாகச் சாவி முனையை வைத்து அழுத்திப் பார்த்தேன். மேற்குப் பக்கம் இரண்டிலும் கீழ்ச்சட்டத்தில் சாவி பொதுக்கென்று உள்ளே போனது, அந்த மரம் முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மற்றதெல்லாம் மாமனார் பொள்ளாச்சியிலிருந்து பார்த்துப் பார்த்து வாங்கிவந்த தேக்கு, சாவி வழுக்கிக்கொண்டு போகிறது. கீல் தேய்ந்து கதவு தொங்குகிறது, அவ்வளவுதான். கீல் தேய்ந்ததற்குச் சட்டத்தையே பெயர்ப்பார்களா?

மேற்கே இரண்டுக்கும் வெளியே திறக்கிற யுபிவிசி, கம்பி தனிக் கணக்கு. மற்றதுக்கெல்லாம் புதுக் கீல், புதுக் கொக்கி. வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். பல்லடம், காங்கேயம் பக்கம் பழைய ஜன்னலைப் பொறுமையாக இழைத்துக் கீல் மாற்றித் தருகிற ஆசாரி யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க.