பிப் வாங்க வேலையை விட வேண்டியதில்லை

பிப் (PIP) என்பது பிரிட்டனில் நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை. "வேலைக்குப் போனால் பிப் கிடைக்காது, முதலில் வேலையை விடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் ராஜினாமா கடிதம் நீட்டிவிடாதீர்கள். பிப் வேலையில்லாதவர்களுக்கான பணமே இல்லை. சம்பளம், சேமிப்பு எதையும் அது பார்ப்பதில்லை.

பார்ப்பது அன்றாட வாழ்க்கையை. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, இப்படி. அதிலும் ஒரு தடவை செய்ய முடிவது போதாது. பாதுகாப்பாக, ஓரளவு சரியாக, தேவைப்படும்போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. காய் நறுக்கிவிட்டு அரை மணி நேரம் படுத்துக்கொள்கிறவர் படிவத்தில் "சமைப்பேன்" என்று மட்டும் எழுதினால் பிப்பைத் தீர்மானிக்கும் புள்ளி போச்சு. அந்த அரை மணி நேரத்தையும் எழுதுங்கள். நோயின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள் பலர், அது போதாது.

வேலை செய்ய முடியாதவர்களுக்கானது வேறு: நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ (ESA) என்ற உதவித்தொகை. அதற்குக் கடந்த 2, 3 வருடங்களில் போதிய நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பு (வேலை செய்யும்போது அரசுக்குக் கட்டும் காப்பீட்டுத் தொகை) வேண்டும். அங்கேகூட வாரம் 16 மணி நேரத்துக்குக் குறைவான வேலைக்கு, வருமான உச்சவரம்போடு, அனுமதி உண்டு.

அப்புறம், ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு பிப் கிடையாது, அதற்கு இணையான அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட்தான்.