அம்மா குளிக்கும் தண்ணீரோடு விளையாடியவர்களுக்கு

குளியலறை ஹீட்டரின் பாதுகாப்புக் கருவியில் ‘டெஸ்ட்’ என்று எழுதியிருந்த சின்னப் பொத்தானை வயர்மேன் அழுத்தினார். மின்சாரம் உடனே வெட்டப்பட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. பேசாமல் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து மூடியைக் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். மின்சாரம் கசிந்தால் வெட்டிவிடும் அந்த ஈ.எல்.சி.பி. கருவிக்குள் நுழைய வேண்டிய இரண்டு கம்பிகளும் அதற்குள் போகவே இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கம்பிகளோடு முறுக்கப்பட்டு, மேலே கறுப்பு நாடா சுற்றப்பட்டிருந்தது.

“யார் செய்தது இது?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வாரமாக என் அம்மா தினமும் அந்தத் தண்ணீருக்குக் கீழே நின்றிருக்கிறார்.

எனக்கு அடக்க முடியாத கோபம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். தேயிலைத் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 7.8 டிகிரி செல்சியஸ், 1978 பிப்ரவரியில் இந்த மலையில்தான் பதிவானது. அந்த அளவு குளிர் எப்போதோ ஒருமுறை வருவது. ஆனால் விடியற்காலையில் 15, 16 டிகிரி என்பது இங்கே சாதாரணம். வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் எங்கள் வீடுகளில் கிடையாது. கம்பளியும் சுடுதண்ணீரும்தான் எங்களுக்கு எல்லாம்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மழையிலும் பனியிலும் இடுப்பில் ரப்பர் படுதாவைக் கட்டிக்கொண்டு நின்றதன் கணக்கை இப்போது முட்டிகள் தீர்க்கின்றன. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்த காலத்தில் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் தண்ணீர் நிறைத்து, பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டைகளை அடியில் வைத்து எரிப்பார்கள். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் வீட்டில் எல்லாரும் குளித்து முடித்திருப்போம். கண்ணெரியும் புகைதான், ஆனால் தண்ணீர் கொதிக்கும். தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) செலவழித்த பிறகு, அந்தப் பீப்பாய் கொடுத்த சூட்டை எட்டு மாதமாக என்னால் அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லை.

போன தீபாவளிக்கு முன், மலைக்குக் கீழே வெப்பமான ஈப்போ நகரில் ஒரு கடையில் ஹீட்டர் வாங்கினேன். உடனடியாகச் சூடாக்கும் வகை, 3.6 கிலோவாட், உள்ளேயே பம்ப். “பம்ப் வைத்தது எடுங்கள் அண்ணே, மழை மாதிரி கொட்டும்” என்றார் விற்பனையாளர். எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை. குழாயில் வரும் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, வீட்டு வயர் எவ்வளவு தடிமன், தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, எதுவுமே கேட்கவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி, வெள்ளை வேண்டுமா கறுப்பு வேண்டுமா என்பது.

மாட்டிய முதல் நாளே அம்மா சொல்லிவிட்டார்: “பச்சைத் தண்ணீரின் விறைப்பு மட்டும் போயிருக்கிறது.”

முதலில் வந்த ஆள் நீர் நுழையும் இடத்திலிருந்த சல்லடையைக் கழற்றிக் கழுவினார். செம்மண் இருந்தது உண்மைதான். மண் சேர்ந்து ரிங்லெட் ஏரியே தூர்ந்துகொண்டிருக்கும் மலை இது, மழை பெய்தால் குழாயில் மண் வராமல் என்ன செய்யும்? 80 வெள்ளி வாங்கினார். மறுநாள் தண்ணீர் முன்பைவிட வேகமாக வந்தது, முன்பைவிடக் குளிராக வந்தது.

இரண்டாவது ஆள் பம்ப் பலவீனம் என்றார். பெரிய பம்ப் மாற்றினார். 190 வெள்ளி. தண்ணீர் இன்னும் குளிர்ந்தது.

இங்கேதான் என் வயிறு எரிகிறது. இது கண்டுபிடிக்க முடியாத மர்மமா? ஆரம்பப் பள்ளிக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். 3.6 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 52 கிலோகலோரி கொடுக்கும். அதற்கு மேல் ஒரு சொட்டுச் சூடும் அதனால் கொடுக்க முடியாது, பெட்டியின் மேல் என்ன படம் போட்டிருந்தாலும். ஈப்போவில் குழாய்த் தண்ணீரே 27 டிகிரியில் வருகிறது என்று வையுங்கள். குளிக்க 39 போதும். ஏற வேண்டியது 12 டிகிரி. நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் தாராளமாகக் கொட்டும். எங்கள் வீட்டுக் குழாயில் அளந்தேன், 18 டிகிரி. ஏற வேண்டியது 21. அப்படியானால் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் வர வேண்டும். கையில் ஒரு லிட்டர் குவளை, சுவரில் கடிகாரம். பெரிய பம்ப் வைத்த பிறகு குவளை 11 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டர்! அம்மாவின் தோளில் விழுந்த தண்ணீரின் வெப்பம் 26 டிகிரி.

சூடு போதவில்லை என்று கூப்பிட்டவனுக்குத் தண்ணீரைக் கூட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். குழாயைக் கொஞ்சம் அடைத்துப் பாருங்கள் என்று ஒருவர், ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் முதல் நாளே பாதிப் பிரச்சினை தெரிந்திருக்கும். அடைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நீரோட்டம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் ஃப்ளோ சுவிட்ச் ஹீட்டரையே நிறுத்திவிடும். கருவி கருகாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. ஆக, மலையில் இந்த வகை ஹீட்டருக்குக் கிடைக்கும் இடைவெளி மிகவும் சிறியது. இதை வாங்கும்போதே சொல்ல வேண்டியவர் யார்?

என் சித்தி மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே வீட்டையே சூடாக்க அடித்தளத்தில் எரிவாயு உலை வைக்கிறார்கள், பர்னஸ் என்கிறார்கள். புதிது வாங்க முடிவு செய்தபோது வந்த ஆள் முதலில் உலையைப் பற்றிப் பேசவே இல்லையாம். சன்னல்களை அளந்தார், கூரைக்கு அடியில் குளிரைத் தடுக்கும் பஞ்சு எவ்வளவு தடிமன் என்று பார்த்தார், பிறகுதான் அளவைச் சொன்னார். சிறியது என்றால் வீடு சூடேறாது. பெரியது என்றால் அடிக்கடி எரிந்து அடிக்கடி அணைந்து சீக்கிரம் கெட்டுப்போகும். ஒரு ஜனவரி இரவு அந்த உலை நின்றுவிட்டது. உள்ளே ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னியது. எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டவணையில் பார்த்தான். காற்று வடிகட்டி தூசியால் அடைத்து, காற்று போதாமல் உலை அளவு மீறிச் சூடேறியிருக்கிறது. பாதுகாப்பு சுவிட்ச் தானே அதை நிறுத்திவிட்டது. வடிகட்டியை மாற்றினான், உலை எரிந்தது. அந்தப் பாதுகாப்பு சுவிட்சைப் பிடுங்கிப்போட்டு நேராக இணைத்துவிடலாம் என்று அங்கே அவனிடம் யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சொன்னார்கள். சொல்லாமலே செய்தும்விட்டார்கள்.

ஏழாவது மாதத்தில் ஹீட்டர் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது. ஈ.எல்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது ஆள் வந்தார். இருபது நிமிடம்கூட இல்லை. “இனிமேல் தொந்தரவே இருக்காது அண்ணே” என்றார். அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், மசால் வடையும் வைத்தார். போகும்போது “வருகிறேன் பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாட்டியைக் காக்க இருந்த ஒரே கருவியைச் செத்த பிணமாக்கிவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

ஈ.எல்.சி.பி. என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கம்பியில் போகும் மின்சாரமும் மறு கம்பியில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், அந்தக் குறைந்த மின்சாரம் வேறு ஏதோ வழியாக மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மனிதரும் அப்படி ஒரு வழிதான். இந்த வித்தியாசத்தைக் கண்ட கணமே கருவி மின்சாரத்தை வெட்டிவிடும். தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே வெட்டும் கருவி வேண்டும் என்று நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே சொல்கின்றன. வீட்டு மெயினில் இருப்பது போதாதா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு மெயினில் இருந்தது 100 மில்லி ஆம்பியர். அத்தனை மின்சாரம் உடலில் பாய்ந்த பிறகு அது விழுந்து என்ன, விழாமல் என்ன?

அது அடிக்கடி விழுந்ததற்குக் காரணம் இருந்தது. நான்காவதாக வந்த உரிமம் பெற்ற வயர்மேன்தான் கண்டுபிடித்தார். மின்காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தார். பல மெகாஓம் காட்ட வேண்டிய இடத்தில் முள் சுழியத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. சூடாக்கும் கம்பியின் உறையில் விரிசல், உள்ளே ஈரம். ஈ.எல்.சி.பி. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. “ஆபத்து, ஆபத்து” என்று வாரக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தது. கத்தியதன் வாயைக் கட்டிவிட்டு, கசிவை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் அந்த மூன்றாவது ஆள்.

வயர்மேன் அத்தோடு நிற்கவில்லை. ஹீட்டர் ஓடும்போது மெயின் பெட்டியில் 228 வோல்ட், ஹீட்டரின் முனையில் 217. நடுவில் 11 வோல்ட் எங்கே போனது? சுவரில் ஓடிய வயரை என்னைத் தொடச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், விளக்குக்குப் போடுவது. ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரை அதில் மாட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. மின்னழுத்தம் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 3.6 கிலோவாட் கொடுக்கும் ஹீட்டர், 217 வோல்ட்டில் 3.2 மட்டும்தான் கொடுக்கும். முன்னால் வந்த மூன்று பேரில் ஒருவர்கூட மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. பரிசோதிக்காமல் மருந்து எழுதும் வைத்தியரை நாம் விட்டுவைப்போமா?

சமையல் வாயுவில் எரியும் ஹீட்டர் வாங்கலாமா என்றும் யோசித்தேன். மூன்று மடங்கு சக்தி, மலைக்குப் பொருத்தம்தான். ஆனால் அதைக் காற்றோட்டமான வெளிப்புறச் சுவரில்தான் மாட்ட வேண்டும். எங்கள் குளியலறை வீட்டின் நடுவில், கைக்குட்டை அளவு சன்னலோடு இருக்கிறது. எரிவாயு சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய குளியலறைக்குள் அதை மாட்டித் தருகிறேன் என்று சொன்ன ஆளும் ஊரில் உண்டு. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் 30 லிட்டர் தொட்டி வகை. 1.5 கிலோவாட்தான், ஆனால் அவசரப்படாமல் சேர்த்துவைக்கும். 18 டிகிரித் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் 60 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. குளிர்ந்த தண்ணீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் 60 லிட்டர் கிடைக்கிறது. அம்மாவுக்கு அதில் பாதி போதும். 4 சதுர மில்லிமீட்டரில் தனி வயர், 20 ஆம்பியர் சுவிட்ச், 10 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி., எர்த் கம்பி இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு இணைப்பு. எல்லாம் முடிந்ததும் வயர்மேன் என்னையே டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொன்னார். ‘டக்’ என்று வெட்டியது. மாதம் ஒருமுறை இப்படி அழுத்திப் பாருங்கள் என்றார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான ஆலோசனை அது.

நேற்றுக் காலை அம்மா குளித்துவிட்டு வெளியே வந்தபோது குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “பீப்பாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது” என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

எங்கள் வரிசையில் அந்த மூன்றாவது ஆள் கைவைத்த வீடுகள் இன்னும் மூன்று இருக்கின்றன. நேற்று மாலை வயர்மேனோடு இரண்டு வீடுகளுக்குப் போய் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். ஒரு வீட்டில் வெட்டியது. அடுத்த வீட்டில் வெட்டவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன் குளிக்கும் குளியலறை அது. அங்கேயே மெயினை இறக்கிவிட்டு, படம் எடுத்து, எரிசக்தி ஆணையத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது வீட்டார் தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். வரும்வரை ஹீட்டரைத் தொட வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். இரவு எத்தனை மணியானாலும் அவர்கள் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன்.