பிள்ளையார் சுழியும் 54 சீட்டும்

(பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன அச்சகம். சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், மூலையில் ஒரு கட்டு கருமாதி நோட்டீஸ். மாலையில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், தான் உருவாக்கிய எழுத்துச் சீட்டின் மாதிரிக் கட்டைப் பார்க்க வந்திருக்கிறார். அச்சகத்து அண்ணன் முகத்தில் பேரனைத் தூக்கிக் காட்டுகிற பெருமை.)

டீச்சர்: அண்ணே, எல்லாச் சீட்டிலும் தலையில் ஒரு உ இருக்கிறதே, இது என்ன?

அண்ணன்: பிள்ளையார் சுழி. அதற்குத் தனியாகக் காசு போடவில்லை, பயப்படாதீர்கள்.

டீச்சர்: ஐயோ, இது எழுத்து விளையாட்டு! க் சீட்டும் உ சீட்டும் சேர்ந்தால் கு, அதுதான் ஆட்டமே. க் தலையில் நீங்களே உ-வை உட்கார வைத்துவிட்டால், என்னிடம் படிக்கிறவர்கள் எதை எடுத்தாலும் கு, சு, டு, து என்று சாயங்காலம் முழுக்கக் குருவி மாதிரி கத்திக்கொண்டிருப்பார்கள்.

அண்ணன்: இந்தக் கடையிலிருந்து சுழி இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போனதில்லை டீச்சர். (மூலையைப் பார்த்து) கருமாதி நோட்டீஸ் தவிர. உங்கள் சீட்டு எந்தப் பக்கம் சேர வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

டீச்சர்: பெட்டி மேல் போடுங்கள். ஒன்றே ஒன்று.

அண்ணன்: சரி, பெரிதாகவே போடுகிறேன். ஏதோ இந்த மட்டுக்கும் 54 சீட்டோடு போயிற்று. போன வாரம் வந்து 247 எழுத்துக்கும் 247 சீட்டு என்றீர்களே, 500 கட்டு என்றால் 1,23,500 சீட்டு, மூலை வளைக்கிற மெஷினை மிதிக்கிற கால் என்னுடையது, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

டீச்சர்: அதைத்தான் நானே யோசித்துக் குறைத்துவிட்டேனே.

அண்ணன்: நீங்களா? ‘ஙௌ சீட்டு வந்தவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்’ என்று கேட்டது யார்?

டீச்சர்: (மெதுவாக) நீங்கள்தான். சரி, கணக்கைப் பாருங்கள். உயிர் 12, ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 24. மெய் 18. அடிக்கடி வருகிற மெய்யில் இன்னும் 11. ஆய்தம் ஒன்று. 216 உயிர்மெய்யையும் ஆடுகிறவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

அண்ணன்: 52, ஜோக்கர் 2 என்கிற பழைய சீட்டுக்கட்டின் அளவு. வெட்டுகிற அச்சும் பெட்டியும் கையிலேயே இருக்கிறது. ங் மட்டும் ஒன்றுதானா?

டீச்சர்: போதும் அண்ணே. ஒரே சொல்லில் ங் இரண்டு தடவை எங்கே வரப்போகிறது?

(அண்ணன் சுவரில் இருக்கும் பத்திரிகைகளைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.)

அண்ணன்: அப்போது ஆய்தம்?

டீச்சர்: அதுதான் ஜோக்கர். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். எஃகு, அஃது விட்டால் அதற்கும் வேறு வேலை இல்லை, பாவம்.

அண்ணன்: எங்கள் சங்கத்தில் துணைத் தலைவர் மாதிரி.

டீச்சர்: (ஒரு சீட்டை விளக்குக்கு நேரே பிடித்து) பின்னாலிருந்து பார்த்தால் எழுத்து தெரிகிறதே?

அண்ணன்: இது மாதிரிக்கு அடித்த சாதா அட்டை. நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டிய அட்டை இருக்கிறது, அதில் தெரியாது, விலை கூட. வேண்டுமா?

டீச்சர்: வேண்டும். என் மாணவர்களுக்கு வேற்றுமை உருபு வராதே தவிர, இதெல்லாம் முதல் நாளே வந்துவிடும்.

அண்ணன்: அப்புறம் ஒன்று, வெளியே ‘சீட்டு ஆரம்பிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நேற்று பூக்கடை அக்கா வந்து, டீச்சர் சீட்டில் மாதம் எத்தனை வெள்ளி கட்ட வேண்டும், முதல் எடுப்பு தனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கூட்டு, அதாவது பணச் சீட்டுப் பிடிப்பதை 1971லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று, என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

டீச்சர்: பெட்டியின் பின்பக்கம் இதைப் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்: ‘மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது.’

அண்ணன்: நல்லது. ‘இன்னும் எங்களுக்கு ழ வரவில்லை’ என்று கீழே சேர்க்கட்டுமா?

டீச்சர்: அதற்கும் விதி வைத்திருக்கிறேன். சொல்லைத் தப்பாக உச்சரித்தால் ஒரு முறை ஆட்டம் போச்சு. எங்கே, கிலி, கிளி, கிழி, சொல்லுங்கள்.

அண்ணன்: கிளி. கிளி. கிளி!

டீச்சர்: மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன்: இல்லையே, கடைசியைக் கொஞ்சம் கோபமாகச் சொன்னேன்.

டீச்சர்: என்னிடம் படிக்கிற சீனப் பெண் இதை அழகாகச் சொல்கிறாள், மாமியார் வாயை அடைக்கவே கற்றுக்கொண்டாளாம். சரி, தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ஒரு மேசை போட்டு வெளியிடலாமா? ஜனம் வருமே.

அண்ணன்: ஜனம் வரும், காசு வராது. அந்தப் பாதை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல், மோர் இலவசம், சோறு இலவசம். உங்கள் சீட்டையும் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் 100 கட்டு அடித்து வகுப்பில் விற்றுப் பாருங்கள்.

டீச்சர்: 100 என்றால் கட்டு ஒன்றுக்கு விலை ஏறுமே?

அண்ணன்: நாலு கலருக்கு நாலு பிளேட். 100 அடித்தாலும் 1,000 அடித்தாலும் பிளேட் காசு ஒன்றுதான், அதை 100 தலையில் கட்டினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் விற்காத 900 கட்டை உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பது அதைவிட வலிக்கும். கல்யாணம் நின்றுபோன பத்திரிகை என் மேல்மாடியில் எத்தனை பெட்டி இருக்கிறது தெரியுமா?

டீச்சர்: (பெருமூச்சு) சரி, 100. விளையாடிப் பார்க்காமல் அச்சுக்கு விடக்கூடாது, உட்காருங்கள். ஆளுக்கு 7 சீட்டு, ரம்மி மாதிரி ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். ஏழும் சேர்ந்து ஒரே சொல் ஆனால் ஜெயம். தோற்றவர் தே தாரிக் டீ வாங்க வேண்டும்.

(ஆடுகிறார்கள். டீச்சர் கையில் ப் ஊ ட் ட் உ சேர்ந்தாயிற்று, கூட இரண்டு சீட்டு மாட்டிக்கொண்டு முழிக்கின்றன. அண்ணன் ஒரு சீட்டை எடுக்கிறார், மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்கிறார், ஒவ்வொன்றாக மேசையில் வைக்கிறார்.)

அண்ணன்: இ. ங். அப்புறம் நம் துணைத் தலைவர், அவரை இன்னொரு ங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அ. ன். அ. ம்.

டீச்சர்: (விரலால் தொட்டுத் தொட்டு) இங்... ங... ன... ம்... இங்ஙனமா?

அண்ணன்: முப்பது வருஷமாக எல்லாப் பத்திரிகையிலும் கடைசி வரியில் அச்சடிக்கிறேன் டீச்சர். தே தாரிக் ஒன்று, சீனி குறைவாக.