பார்சல் வேறு, கடிதம் வேறு
தபாலைத் தனியாரிடம் கொடுத்தால் சேவை வேகமாகும், அரசுக்கும் நஷ்டம் இல்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, பிரிட்டனில் 2013-ல் அரசின் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் பங்குகளைத் தனியாருக்கு விற்றார்களே, அப்போது 60 பென்ஸாக இருந்த முதல் வகுப்பு (விரைவுக் கடித) தபால்தலை 2025-ல் 1.70 பவுண்டு, அதாவது 170 பென்ஸ். கடிதம் எழுதுவோர் குறைந்ததும் ஒரு காரணம்தான், எல்லாப் பழியையும் தனியார் தலையில் கட்ட முடியாது. ஆனால் கட்டணம் குறைந்த, மெதுவாகப் போகும் இரண்டாம் வகுப்புக் கடிதத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும் என்று விதியையே தளர்த்த வேண்டி வந்ததே! மலை மேல் இருக்கும் நாலு வீட்டுக்கும் நகரத்துக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் தபாலின் அடிப்படை, அந்த நஷ்டத்தை எந்த கம்பெனி விரும்பிச் சுமக்கும்? பார்சலில் வேண்டுமானால் போட்டி இருக்கட்டும், அதில் ஏற்கெனவே கூரியர்காரர்கள்தான் நிறைய. கடிதம் அரசிடமே இருக்க வேண்டும், துண்டு விழுந்தால் பட்ஜெட்டில் வெளிப்படையாகக் கணக்குக் காட்டிக் கொடுக்கட்டும்.