மாருத்துக்கு ஆஃப்டர்பர்னர் கிடையாது!

ஒருவழியாகச் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் செய்து அனுப்பிய எச்எஃப்-24 மாருத், பெங்களூரில் செய்த நம் பழைய ஜெட் சண்டை விமானம், ஆன்லைன் கேமுக்குள் வந்துவிட்டது. ஆனால் ஆஃப்டர்பர்னரோடு, அதாவது எஞ்சினின் பின்குழாயில் கூடுதலாக எரிபொருளைக் கொட்டி எரித்து வேகம் கூட்டும் அமைப்போடு, வால் பக்கம் நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்திருக்கிறது. மாருத்! நெருப்பு! வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதிரி ஆன்லைன் சண்டை விமான கேமுக்கு ஒரு பழைய விமானத்தைச் செய்து அனுப்பியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மாடலைக் கொடு, காக்பிட்டைக் கொடு, எஞ்சின் அட்டவணையைக் கொடு, ஆதாரம் கொடு, ஒரு ஆதாரம் போதாது, இன்னொன்று கொடு, ஸ்கேன் மங்கலாக இருக்கிறது, மறுபடி கொடு. எல்லாம் கொடுத்தோம். நானும் அம்பத்தூர் நண்பனும் பிருந்தாவன் ரயிலில் ஏறி பெங்களூர் போனோம். கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கிற மாருத்தை வெயிலில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தோம். வால் பக்கம் குனிந்து அந்த இரண்டு எஞ்சின் குழாய்களையும் எடுத்தோம். அந்தப் படங்களும் அவர்களிடம் இருக்கின்றன. பார்த்திருப்பார்களா? பார்த்திருந்தால் இப்படிச் செய்ய மனசு வருமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து ஓ.எம்.ஆர். நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். அப்டேட் இறங்கி முடிந்தது. ஹேங்கரைத் திறந்தால், நிற்கிறது. மூக்கு சரி. இரண்டு பக்கமும் காற்று உள்ளே போகும் வாய்கள் சரி, அதற்குள் இருக்கும் அரைக்கூம்பும் சரி. உடம்பின் நடுவே இடுப்பு மாதிரி ஒடுங்கும் இடம் சரி. மூக்கருகே நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள், அதுவும் சரி. நண்பன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இழைத்த ஒவ்வொரு வளைவும் அப்படியே இருந்தது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. உடனே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"மச்சி, நிக்குதுடா."

"சும்மா பாத்துக்கிட்டே இருக்காத, ஓட்டுடா."

ஓட்டினேன். ஓடுதளத்தில் பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெதுவாகத் தள்ளினேன். நாங்கள் எழுதிக் கொடுத்த மாருத் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். கனமான உடம்பு, போதாத எஞ்சின். சோம்பலாகத்தான் கிளம்பும். ஓடுதளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுத்தான் சக்கரம் தரையை விடும். மேலே போனபிறகும் அவசரப்படாது. ஆனால் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அதை விடாது, தாழ்வாகப் பறக்கும்போது அசையாமல் நிற்கும். அந்தக் குணத்தைக் கொண்டுவரத்தான் நாங்கள் காற்று இழுவை எண்களோடு அவ்வளவு காலம் மல்லுக்கட்டினோம்.

பிரேக்கை விட்டேன். த்ராட்டில் நூறு சதவீதத்தில் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு படி இருந்தது. தள்ளினேன். பின்னாலிருந்து ஒரு இடி. கேமராவைத் திருப்பினால் இரண்டு குழாயிலும் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு. ஓடுதளத்தின் பாதிகூட ஓடவில்லை, விமானம் எகிறிவிட்டது. சக்கரத்தை உள்ளே இழுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. மூக்கை மேலே தூக்கினால் ராக்கெட் மாதிரி போகிறது. ஏறிக்கொண்டே இருக்கும்போதே மாக் 1, அதாவது ஒலியின் வேகத்தைத் தாண்டியது.

"என்னடா சத்தம் அது?" என்றான் நண்பன்.

"நெருப்புடா."

"எஞ்சின் தீப்பிடிச்சிருச்சா?"

"இல்லடா. ஆஃப்டர்பர்னர் வச்சிருக்காங்க."

அவன் ஒன்றும் பேசவில்லை. ஃபோனை வைத்துவிட்டான்.

சரி, தவறு நடந்திருக்கும், சொன்னால் திருத்துவார்கள் என்று அந்த ராத்திரியே பிழை அறிக்கை எழுதினேன். பொறுமையாக, மரியாதையாக எழுதினேன். மாருத்தில் இருந்தது ஆர்ஃபியஸ் 703 எஞ்சின், இரண்டு. நாட் என்ற சின்ன சண்டை விமானத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த அதே ஆர்ஃபியஸ் குடும்பம்தான். ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ உந்துவிசை. ஆஃப்டர்பர்னர் கிடையாது. ஆதாரம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இவ்வளவுதான் எழுதினேன்.

பதில் காலையில் வந்தது. "இந்த விமானத்தின் வடிவம் மாக் 2 வேகத்துக்கானது. நீங்கள் கொடுத்த எஞ்சின் எண்கள் அதற்குப் பொருந்தாமல் குறைவாக இருந்ததால் சரிசெய்திருக்கிறோம்."

சரிசெய்திருக்கிறார்களாம்! வடிவத்துக்கு எஞ்சின் பொருந்தவில்லை என்பதுதானே ஐயா மாருத்தின் மொத்தக் கதையும்! இரண்டாம் உலகப் போரில் பறந்த ஃபோக்க-வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் சண்டை விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1950களில் இந்தியாவுக்கு வந்தார். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்திருக்கிறார், அதுவும் அப்துல் கலாம் அங்கே படித்த காலத்தில். அப்புறம் பெங்களூரில் எச்ஏஎல் என்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் இந்த விமானத்தை வரைந்தார். ஆர்ஃபியஸ் 12 என்ற பெரிய எஞ்சினை நம்பித்தான் வரைந்தார். ஆஃப்டர்பர்னரோடு சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரவேண்டிய எஞ்சின் அது. பிரிட்டனில் அந்த எஞ்சின் வேலையைத் தொடர வேண்டுமானால் இந்தியா பணம் போட வேண்டும் என்றார்கள். இந்தியா போடவில்லை. எஞ்சின் வரவில்லை. சோவியத் எஞ்சினைப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எகிப்தில் செய்துகொண்டிருந்த எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்திப் பறக்கவிட்டார்கள், அந்தத் திட்டமும் நின்றுபோனது. கடைசிவரை அந்தச் சின்ன ஆர்ஃபியஸ் 703 எஞ்சினோடுதான் படைக்குப் போன மாருத்கள் எல்லாமே பறந்தன. மாக் 2 உடம்பை ஒலியின் வேகத்தைத் தொடவே திணறும் எஞ்சினோடு ஓட்டினார்கள் நம் ஆட்கள். ஓட்டிச் சண்டையும் போட்டார்கள். இல்லாமல் போன அந்த எஞ்சினை இவர்கள் ஒரு ராத்திரியில் கொடுத்துவிட்டால், அந்த விமானிகள் செய்ததற்கு என்ன மதிப்பு?

இதையெல்லாம் எழுதினேன். அடுத்த பதில் இதைவிடக் கொடுமை. "ஆஃப்டர்பர்னர் பொருத்திய முன்மாதிரி ஒன்று இருந்ததாகத் தெரிகிறது. எனவே இது வரலாற்றுக்கு முரணானது அல்ல."

ஆமாம், இருந்தது. 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதன்முதலில் வானில் ஏற்றிய அதே சோதனை விமானி சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10 அன்று அந்த ஆஃப்டர்பர்னர் முன்மாதிரியில் கிளம்பும்போது விபத்தில் இறந்தார். பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் சாலையில் பஸ் ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த முன்மாதிரியைக் காட்டித்தான் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். படைக்கு அது போனதே இல்லை. விமானப்படையின் ஒரு ஸ்குவாட்ரனும், ஒரு படைப்பிரிவும் அதை வைத்துச் சண்டை போட்டதில்லை. ஆனால் கேமில் 10ஆம் ஸ்குவாட்ரன் சின்னத்தை ஒட்டி, 1971 என்று தேதி போட்டு, நெருப்போடு விட்டிருக்கிறார்கள். ஒரு மனிதனின் உயிரைக் குடித்த முயற்சியை இப்படியா எடுத்துப் பயன்படுத்துவது? படித்ததும் கை நடுங்கியது எனக்கு.

மூன்றாவது பதிலில் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். "விளையாட்டுச் சமநிலைக்காக." அதாவது உண்மையான மாருத்தை விட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். மிக்-21 மாதிரி வேகமான விமானங்களின் வரிசையில் நிறுத்தினால்தான் ஆட்கள் காசு கொடுப்பார்கள். நெருப்பு இருந்தால் வீடியோ போடுவார்கள். அதைத்தான் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே! எங்களிடம் எதற்கு அந்த ஆதாரம், இந்த ஆதாரம் என்று உயிரை வாங்கினீர்கள்?

விளையாடுகிற நம் பசங்களும் சிலர், "ப்ரோ, ஃபயர் செம மாஸா இருக்கு, விடுங்க ப்ரோ" என்கிறார்கள். விடமாட்டேன். மாஸ் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். 1971 பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையில், ஜோத்பூரிலிருந்தும் உத்தர்லாயிலிருந்தும் மாருத்கள் பாலைவனத்தின் மேல் தாழப் பறந்து போய் டாங்குகளையும் ரயில்களையும் அடித்தன. தரையிலிருந்து சுட்டு ஒரு எஞ்சின் போனாலும் இன்னொன்றோடு திரும்பி வந்த விமானங்கள் உண்டு. வான்சண்டையில் ஒரு மாருத்தைக்கூட இழக்கவில்லை. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்‌ஷி மாருத்திலிருந்து பாகிஸ்தானின் சேபர் சண்டை விமானம் ஒன்றை வீழ்த்தினார். இதெல்லாம் ஆஃப்டர்பர்னர் இல்லாமல் நடந்தது. கேமில் அதை அப்படியே விளையாட விடுங்கள். மேலே ஏறாதே, தரையை ஒட்டிப் போ, ஒரே பாய்ச்சலில் அடி, திரும்பிப் பார்க்காமல் வா. அதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு திறமை வேண்டும்! இப்போது என்ன வேண்டியிருக்கிறது? பட்டனை அமுக்கினால் போதும்.

சேலையூரில் ஒரு சார் இருக்கிறார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஜோத்பூரில் மாருத் எஞ்சினைக் கழற்றி மாட்டியவர். ஆர்ஃபியஸ் சூடாகும்போது என்ன வாசனை வரும் என்பது முதற்கொண்டு எங்களுக்குச் சொன்னவர். அப்டேட் வந்ததும் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விமானம் கிளம்பியது. நெருப்பு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது வேற விமானம். நம்மளோடது எப்ப வரும்?"

என்ன பதில் சொல்வேன் அவருக்கு? அடுத்த அப்டேட்டில் என்றா? அவருடைய பேரை நன்றிப் பட்டியலில் போடச் சொல்லி எழுதியிருந்தோம். அதையும் போடவில்லை. எங்கள் பெயர் வேண்டாம், அதற்காக அழவில்லை. அந்த மனிதரின் பெயரையாவது போட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய வேலையே இல்லை. அட்டவணையில் ஒரு வரியை நீக்க வேண்டும். உந்துவிசையைப் பழைய எண்ணுக்கு மாற்ற வேண்டும். விமானத்தைக் கீழ் வரிசைக்கு இறக்கி ஹண்டர், சேபர் மாதிரி பழைய விமானங்களோடு நிறுத்த வேண்டும். நாங்கள் கொடுத்த ஃபைல் அப்படியே அவர்களிடம் இருக்கிறது, அதை எடுத்துப் போட்டாலே முடிந்தது. நெருப்புதான் வேண்டும் என்றால் "கற்பனை மாருத்" என்று தனியாக ஒன்று விடுங்கள், காசுக்கு விற்றுக்கொள்ளுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நான்காவது தடவையாக இதையெல்லாம் எழுதி, படங்களை இணைத்து, அனுப்பும் பட்டனை அமுக்கினேன். சுற்றிக்கொண்டே நின்றது. வெளியே எட்டிப் பார்த்தால் தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம்தான் வடிகாலுக்கு என்று தோண்டி, மூடி, தார் போட்டுவிட்டுப் போனார்கள். அதே இடத்தில் இப்போது வேறு யாரோ வேறு எதற்கோ தோண்டுகிறார்கள். இன்டர்நெட் கேபிளை மண்ணோடு சேர்த்து வாரி மேலே போட்டிருக்கிறார்கள். "அண்ணே, கேபிளைப் பாத்துத் தோண்டக் கூடாதா?" என்று கேட்டால், "எங்களுக்குத் தோண்டத்தான் சொன்னாங்க தம்பி, கேபிள்காரங்களைக் கூப்பிடுங்க" என்கிறார். கேபிள்காரருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. மழை வேறு வரப்போகிறது. இந்தப் பள்ளத்தை யார் மூடுவார்கள்? ஒரு தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் தோண்ட வேண்டிய எல்லோரும் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்ள முடியாதா இந்த ஊரில்?