'7 ஸ்பீடு' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் எதை வாங்குவது?

ஒரே ஒரு பின் டீரெய்லரை, அதாவது சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திக் கியர் மாற்றும் பாகத்தை, மாற்றுவதற்காக நான் மூன்று டீரெய்லர்களை வாங்கியிருக்கிறேன். முதல் இரண்டும் என் வண்டிக்குப் பொருந்தும் என்று வாய் கூசாமல் சொல்லி விற்கப்பட்டவை, இரண்டுமே பொருந்தவில்லை. என்னுடையது விலை மலிவான, மிகச் சாதாரணமான மிதிவண்டி. முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று பற்சக்கரங்கள், பின்னால் 14 பற்களில் தொடங்கி 34 பற்களில் முடியும் ஏழு பற்சக்கரங்களை அடுக்கிய ஃப்ரீவீல் (அந்த ஏழைத்தான் '7 ஸ்பீடு' என்கிறார்கள்), கைப்பிடியில் கிளிக் கிளிக்கென்று கியர் மாற்றும் ஷிஃப்டர். இதில் அரிதானது எதுவுமே இல்லை. இத்தனை சாதாரணமான வண்டிக்கு ஓர் உதிரிபாகம் வாங்குவது ஏன் இத்தனை பெரிய வதையாக இருக்க வேண்டும்?

பழைய டீரெய்லர் ஓர் ஏற்றத்தில் போனது. கியரைக் குறைத்த நொடியில் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் அதன் கூண்டு ஆரக்கம்பிகளுக்குள் சிக்கி முறுக்கிக்கொண்டது. நல்லவேளையாக, டீரெய்லரை மாட்டும் சட்டகத்தின் காதான ஹேங்கர் வளையவில்லை. புதிதாக ஒன்றைத் தேடத் தொடங்கினால், எங்கு பார்த்தாலும் விவரம் என்ற பெயரில் ஒரே வரிதான்: '7 ஸ்பீடு, எல்லா மிதிவண்டிகளுக்கும் பொருந்தும்.' மொட்டைத்தாத்தா குட்டையில் விழுந்தான் என்பதைப் போன்ற இந்த ஒரு வரியை நம்பித்தான் முதலாவதை வாங்கினேன்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே பின்னால் பெரிய சக்கரத்துக்கு ஏற்றியபோது கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. குனிந்து பார்த்தால், டீரெய்லரின் மேல் உருளை 34 பல் சக்கரத்தின் மீதே உரசிக்கொண்டிருந்தது. உருளைக்கும் பற்சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டும் பி திருகாணியை முழுவதும் உள்ளே திருகியும் இடைவெளி கிடைக்கவில்லை. மறுமுனையில், முன்னால் சிறிய சக்கரத்திலும் பின்னால் சிறிய சக்கரத்திலும் சங்கிலியைப் போட்டபோது, அதை இழுத்துப் பிடிக்க முடியாமல் கூண்டு பின்பக்கமாகச் சுருண்டு நின்றுவிட, சங்கிலி தளர்ந்து தொங்கியது. பிறகு தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த டீரெய்லர் அதிகபட்சம் 28 பல் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது என்று. அந்த 28 என்ற எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிட என்ன செலவாகிவிடும்?

டீரெய்லர் வாங்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று, அது ஏறக்கூடிய மிகப் பெரிய பின்சக்கரத்தின் பல் எண்ணிக்கை. மற்றொன்று, அதன் மொத்தக் கொள்திறன், அதாவது அதன் கூண்டு எவ்வளவு தளர்ந்த சங்கிலியை இழுத்துச் சுருட்டிவைத்துக்கொள்ளும் என்பது. கணக்கு மிக எளியது: முன்னால் உள்ள பெரிய சக்கரத்துக்கும் சிறிய சக்கரத்துக்கும் இடையிலான பல் வேறுபாட்டோடு, பின்னால் உள்ள பெரியதற்கும் சிறியதற்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்ட வேண்டும். என் வண்டியில் 42இலிருந்து 24 போனால் 18, 34இலிருந்து 14 போனால் 20, ஆகமொத்தம் 38. குறைந்தது 38 பல் கொள்திறனும் 34 பல் வரை ஏறும் வாகும் உள்ள நீளக் கூண்டு டீரெய்லர் எனக்கு வேண்டும். பள்ளிப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கை நான் போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் விற்பனைக்கு இருக்கும் பொருளின் எண்களைச் சொல்லத்தான் ஆளில்லை. கேட்டால், "ஏழு ஸ்பீடுதானே, அதெல்லாம் பொருந்தும்" என்கிறார்கள்.

உண்மையில், அவர்கள் அத்தனை பெரிய எழுத்தில் அச்சிடும் அந்த ஏழு என்ற எண்தான் இருப்பதிலேயே பயன் குறைந்த தகவல். கியரைப் படிப்படியாக எண்ணி நகர்த்துவது ஷிஃப்டருக்குள் இருக்கும் பல்லமைப்பு. டீரெய்லருக்கு எண்ணத் தெரியாது. கேபிள் எவ்வளவு இழுக்கப்படுகிறதோ, அதற்கேற்ற விகிதத்தில் அது பக்கவாட்டில் நகரும், அவ்வளவே. மிதிவண்டிப் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் வழக்கமான 6, 7, 8, 9 ஸ்பீடு டீரெய்லர்கள் எல்லாவற்றிலும் இந்த விகிதம் ஏறத்தாழ 1.7தான், அதாவது கேபிள் ஒரு மில்லிமீட்டர் இழுபட்டால் டீரெய்லர் 1.7 மில்லிமீட்டர் நகரும். ஆகவே 7 ஸ்பீடு ஷிஃப்டரோடு 8 ஸ்பீடு டீரெய்லரோ 9 ஸ்பீடு டீரெய்லரோ எந்தக் குறையுமின்றி வேலை செய்யும். மலிவு வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. ஆனால் '7 ஸ்பீடு இருப்பில் இல்லை' என்று கைவிரிக்கும் யாரும், பக்கத்திலேயே இருக்கும் 8 ஸ்பீடை எடுத்துக் கொடுப்பதில்லை.

அதைவிடக் கொடுமை, இந்த விகிதம் மாறும் இடத்தில் எவரும் எச்சரிப்பதில்லை. என் இரண்டாவது டீரெய்லர் 10 ஸ்பீடு மலைவண்டிக்கானது. கூண்டு நீளம், 34 பல்லுக்கும் தாராளமாக ஏறும். "ஸ்பீடு கூடுதலாக இருந்தால் இன்னும் நன்றாகவே ஓடும்" என்று உறுதி சொல்லி அதை என் தலையில் கட்டினார்கள். ஷிமானோவின் 10 ஸ்பீடு மலைவண்டி டீரெய்லர்களில் விகிதம் ஏறத்தாழ 1.2 மட்டுமே என்பதை அப்போது எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. 7 ஸ்பீடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர் கேபிளை இழுக்கிறது. பின்னால் அடுத்தடுத்த பற்சக்கரங்களுக்கு இடையிலான தூரமோ 5 மில்லிமீட்டர். பழைய விகிதமான 1.7ஆல் 2.9ஐப் பெருக்கினால் 5க்கு மிக நெருக்கமாக வருகிறது. 1.2ஆல் பெருக்கினால் மூன்றரையைக்கூடத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ஒவ்வொரு கிளிக்கிலும் ஒன்றரை மில்லிமீட்டர் பாக்கி. மூன்றாவது கிளிக்கில் சங்கிலி கிட்டத்தட்ட ஒரு சக்கரமே பின்தங்கிவிட்டது. ஆறாவது கிளிக்கிலும் 34 பல் சக்கரத்தை அது எட்டவில்லை. கேபிளைத் தளர்த்தி இறுக்கி, டீரெய்லர் இருபுறமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும் எல்லைத் திருகாணிகளைத் திருகித் திருகி, விரல்கள் கறுத்துப்போகும்வரை ஒரு மாலை முழுவதும் போராடினேன். எத்தனை திருகினாலும் சரியாகாத ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இந்தச் சிக்கல் ஆதியிலிருந்தே இருந்ததுமில்லை. உராய்வால் நிற்கும் பழைய நெம்புகோல் ஷிஃப்டர்களில், சங்கிலி சக்கரத்தில் ஏறும்வரை ஓட்டுபவரே இழுத்துக்கொள்வார்; எந்த டீரெய்லரும் எதனோடும் ஒத்துப்போகும். 1984இல் ஷிமானோ தன் டூரா ஏஸ் பாகங்களில் கிளிக் முறையைக் கொண்டுவந்தபின், ஷிஃப்டர், டீரெய்லர், சக்கர இடைவெளி ஆகிய மூன்றும் கணக்காகப் பொருந்தியாக வேண்டியதாயிற்று. கிளிக் முறை அருமையானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொருத்தம் இத்தனை நுணுக்கமாக ஆனபின்னும் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று எழுதி விற்பது ஏமாற்று வேலை. எஸ்ராம் நிறுவனத்தின் 'ஒன்றுக்கு ஒன்று' டீரெய்லர்களின் விகிதம் வேறு, அவற்றை ஷிமானோ ஷிஃப்டரோடு கலக்க முடியாது. அதையும் எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

மாட்டும் விதத்திலும் இதே மௌனம்தான். சட்டகத்தில் ஹேங்கர் இருந்தால், 10 மில்லிமீட்டர் மரையில் நேராக முடுக்கும் வகை வேண்டும். ஹேங்கர் இல்லாத மலிவுச் சட்டகங்களுக்கு, பின் அச்சோடு சேர்த்து இறுக்கப்படும் தகடு வைத்த வகை வேண்டும். படத்தில் முன்பக்கத்தை மட்டும் பளபளப்பாகக் காட்டுகிறார்களே, பின்பக்கத்தில் தகடு இருக்கிறதா இல்லையா என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாவதை நானே தேடிக் கண்டுபிடித்தேன். டீரெய்லர்களின் உட்புறத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் மாதிரி எண்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் தயாரிப்பாளரின் குறிப்பில் சரிபார்த்து, 34 பல்லுக்கு ஏறும், கொள்திறனும் போதுமான ஒரு 8 ஸ்பீடு டீரெய்லரைத் தேர்ந்தெடுத்தேன். என் 7 ஸ்பீடு ஷிஃப்டரின் ஒவ்வொரு கிளிக்குக்கும் சங்கிலி தயங்காமல் ஏறி இறங்குகிறது. விலையிலும் அது முதலாவதை விட அதிகம் வேறுபடவில்லை. அந்த நான்கைந்து எண்கள் முதல் நாளே என் கையில் கிடைத்திருந்தால், அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். மரையில் முடுக்கிய தடமும் கேபிள் கவ்விய கீறலும் இருப்பதால் அவை 'பயன்படுத்திய பொருள்' என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்கள். பொருந்துமா என்பதை எழுத்தில் சொல்லமாட்டார்கள், மாட்டிப் பார்த்தால்தான் தெரியும், மாட்டிப் பார்த்தபின் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள் என்றால், இவர்கள் எங்களை எப்படித்தான் வாங்கச் சொல்கிறார்கள்?